நந்தன் எந்தப் பிரிவில் விண்ணப்பிப்பான்?

இளம் கண்டுபிடிப்பாளர்களைத் தேடுகிறோம் என்று மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை பள்ளிக்கூடங்களைக் கூப்பிடுகிறது. இன்ஸ்பயர் மானக் விருது என்று பெயர். ஒரு பள்ளியிலிருந்து 5 பிள்ளைகள் வரை தலைமையாசிரியர் பெயர் கொடுக்கலாம். நாடு முழுக்க வந்து குவிகிற யோசனைகளிலிருந்து 1 லட்சத்தைப் பொறுக்குவது, பொறுக்கின ஒவ்வொரு பிள்ளைக்கும் மாதிரி செய்ய 10,000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுவது, மாவட்டக் கண்காட்சிகளிலிருந்து 10,000 பேரை மாநிலத்துக்கு அனுப்புவது, மாநிலங்களிலிருந்து 1,000 பேரைத் தேசியக் கண்காட்சிக்கு அழைப்பது, அதில் 60 பேருக்குப் பரிசு கொடுப்பது என்று திட்டம் போட்டிருக்கிறார்கள்.

திட்டம் கெட்டதல்ல. கூலிவேலைக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளைக்குப் பத்தாயிரம் என்பது சின்னக் காசும் இல்லை. சிதம்பரம் பக்கத்துப் பள்ளிகளில் முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் சொன்னவன் என்கிற முறையில் எனக்கு இதில் வேறொரு கேள்வி இருக்கிறது. கண்டுபிடித்தவன் என்கிற பெயரை இந்த நாடு யாருக்குக் கொடுத்து வந்திருக்கிறது? யாருக்குக் கொடுக்காமல், உழைப்பாளி, தொண்டன், கூலி, பக்தன் என்று வேறு பெயர் வைத்து அனுப்பியிருக்கிறது? சிதம்பரத்துக்காரன் இதை நந்தனிடமிருந்து தொடங்காமல் வேறு எங்கிருந்து தொடங்குவான்?

நந்தனை நமக்கு எப்படிக் காட்டினார்கள்? கைகூப்பின நந்தன், கண்ணீர் விட்ட நந்தன், நெருப்பில் இறங்கின நந்தன். கதாகாலட்சேபத்திலும் அதுதான், சினிமாவிலும் அதுதான். ஆனால் 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் சொன்ன கதையை, பக்திக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படித்தால் வேறொரு ஆள் தெரிகிறான். கொள்ளிடக்கரை ஆதனூரில், புலைப்பாடியில் பிறந்தவன். கோயில் பேரிகைகளுக்குப் போர்த்துகிற தோல், அதை இழுத்துக் கட்டுகிற வார், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு, பூசைக்குக் கோரோசனை, இத்தனையும் கொடுத்தவன். திருப்புன்கூரில் குளம் வெட்டினவன்.

தோலைப் பேரிகைக்கு ஏற்றதாக்குவது சும்மா காரியமா? உரித்த தோல் ஒரு பகல் கிடந்தால் நாறிவிடும். சுண்ணாம்பு நீரில் ஊறப்போட்டு மயிர் களைய வேண்டும். ஊறல் அதிகமானால் தோல் இற்றுப்போகும். கொழுப்பைச் சுரண்டித் தடிமன் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் வர இழைக்க வேண்டும். ஒரு பக்கம் தடித்தால் சத்தம் பிசகும். நரம்பு அதைவிட நுணுக்கம். குடலைக் கழுவி, சவ்வை நீக்கி, ஈரத்தோடு முறுக்கி, இழுத்துக் கட்டிக் காயவிட வேண்டும். முறுக்கு கூடினால் அறுந்துபோகும், குறைந்தால் சுதி நிற்காது. குளம் வெட்டுகிறவனுக்கு நீர் எங்கிருந்து வரும், கரை எந்தச் சரிவில் நிற்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். வேதியியல், ஒலியியல், நீரியல். இன்றைய கண்காட்சியில் இவை மூன்று தனித்தனி மேசைகள். நந்தனிடமும் நந்தனின் சேரியிடமும் மூன்றும் ஒரே கையில் இருந்தன. புராணம் இதையெல்லாம் தொண்டு என்கிற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிட்டது.

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி தன் நந்தனார் சரித்திரத்தில் நந்தனுக்கு ஒரு வேதியர் ஆண்டையைக் கொண்டுவந்து சேர்த்தார். நாற்பது வேலி நிலத்துச் சாகுபடியை முடித்துவிட்டுச் சிதம்பரம் போ என்கிறார் ஆண்டை. ஒரே ராத்திரியில் வேலை முடிந்துபோகிறது. முடித்தது யார்? சிவனுடைய பூதகணங்களாம். நட்டு, களையெடுத்து, அறுத்து, அடித்துக் குவிக்கிற வித்தை தெரிந்த சேரி முழுசும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கதை அதைத் திரும்பிப் பார்க்காமல் கைலாசத்திலிருந்து ஆள் கூப்பிடுகிறது!

அப்புறம் தில்லையில் வைத்த நுழைவுத் தேர்வு. தீ. அதில் தேறி வெளியே வந்தவன் பூணூலோடு முனிவனாக வந்தான் என்கிறது புராணம். தோல் பதப்படுத்தின நந்தன் வெளியே வரவில்லை. பரிசு வேண்டுமானால் வேறு ஆளாக மாறி வா என்பதுதான் சிதம்பரத்தில் நாம் கலந்துகொண்ட முதல் போட்டியின் விதி.

அந்த நந்தன் பெயரில்தான் 1916ல் சுவாமி சகஜானந்தா சிதம்பரம் ஓமக்குளத்தில் பள்ளிக்கூடம் தொடங்கினார். 1890ல் ஆரணிப் பக்கம் மேல்புதுப்பாக்கத்தில் பிறந்து, இங்கே வந்து, 1959ல் சாகிறவரை சேரிப் பிள்ளைகளின் படிப்புக்கே நின்றவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தது 1929ல், இதற்குப் 13 வருஷம் கழித்து. அவருடைய ஆன்மிகத்தோடு எனக்கு உடன்பாடு குறைவு; அது வேறு கட்டுரை. ஆனால் நெருப்பில் விட்ட நந்தனை மீட்டு வகுப்பறைக்குக் கொண்டுவந்து உட்காரவைத்தவர் அவர். பறையர் பிள்ளைக்குத் தமிழும் கணக்கும் இங்கிலீசும் வரும் என்று ஊருக்குக் காட்டினவர்.

காட்டுமன்னார்கோயில் பக்கம் இன்னொருவர். பள்ளிக்கூடத்தில் தீண்டப்படாத பிள்ளைகள் தண்ணீர் குடிக்க வைத்திருந்த தனிப்பானையைச் சிறுவயதில் உடைத்த எல். இளையபெருமாள். 1965ல் மத்திய அரசு அமைத்த தீண்டாமை, கல்வி, பொருளாதார வளர்ச்சி பற்றிய குழுவுக்கு அவரே தலைவராகி 1969ல் அறிக்கை கொடுத்தார். அந்தப் பானையை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. குடிதண்ணீரையே தனியாக வைத்த பள்ளிக்கூடம் கண்ணாடிக் குடுவையையும் பியூரெட்டையும் யார் கையில் கொடுத்திருக்கும்?

இளையபெருமாள் குழு ஊர் ஊராகப் போய்த் தீண்டாமையை எழுதிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் தில்லியில் விஞ்ஞானத் திறமை தேடுகிற வேலையும் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் 1942லேயே வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி பணத்தில் பள்ளி மாணவர்களுக்கு இப்படி ஒரு தேடல் தொடங்கியிருந்தார்கள். இங்கே என்.சி.இ.ஆர்.டி. 1963ல் தேசிய அறிவியல் திறனறித் திட்டத்தை ஆரம்பித்தது. முதல் வருஷம் தில்லிக்கு மட்டும், 10 உதவித்தொகை. 1964ல் நாடு முழுமைக்கும் 350. எப்படித் தேர்வு செய்தார்கள் என்று பாருங்கள். ஒரு திறனறித் தேர்வு, அறிவியல் பற்றி ஒரு கட்டுரை, மாணவர் தானே செய்த ஆய்வுத்திட்ட அறிக்கை, கடைசியில் நேர்முகம். தேறினால் முனைவர் பட்டம் வரை அரசே படிக்கவைக்கும். பெரிய கதவு அது. ஆனால் ஆய்வுத்திட்டம் என்றால் என்ன என்று சொல்ல வாத்தியார் வேண்டும், செய்து பார்க்கச் சோதனைக்கூடம் வேண்டும், நேர்முகத்தில் எதிரே உட்கார்ந்து பேச, பயமில்லாத நாக்கு வேண்டும்.

1976ல் பெயரையும் முறையையும் மாற்றினார்கள், சமூகவியல், மருத்துவம், பொறியியலுக்கும் விரித்தார்கள். 1983ல் உதவித்தொகை 750 ஆனது. அதில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கென்று 70 இடம் தனியே வைத்தார்கள். மத்திய அரசு வேலையில் அப்போதே 22.5 சதவீதம் இடஒதுக்கீடு. அந்தக் கணக்குப்படி 750க்கு 168 வந்திருக்க வேண்டும். கொடுத்தது 70. 2000ல், எண்ணிக்கை 1,000 ஆனபோதுதான் 15 சதவீதமும் 7.5 சதவீதமும் வந்தது. 1964லிருந்து 36 வருஷம். திறமையைத் தேடுகிறவர்கள் சேரிப் பக்கம் திறமை இருக்கலாம் என்று ஒத்துக்கொள்ள ஒரு தலைமுறைக்கு மேல் ஆகியிருக்கிறது. 2021க்குப் பிறகு அந்தத் தேர்வையே நிறுத்தி வைத்தார்கள். கதவு நமக்குக் கொஞ்சம் அகலமாகத் திறக்கிற நேரம் பார்த்துக் கதவே இல்லாமல் போவது நமக்குப் பழகின விஷயம்.

70 இடம் தனியே வைத்த அதே 1983ல் நான் ஒன்பதாம் வகுப்பு. ஐந்தாவது வரை எங்கள் காலனியில் இருந்த லேபர் ஸ்கூல். வெள்ளைக்காரன் காலத்தில் லேபர் கமிஷனர் திறந்த பள்ளிகளுக்கு அந்தப் பெயர். அரிசன நலம், ஆதிதிராவிடர் நலம் என்று போர்டு எத்தனை முறை மாறினாலும் கிழவிகள் வாயில் லேபர் ஸ்கூல்தான். ஆறாவதிலிருந்து ஊர்த்தெருவைத் தாண்டி இருந்த உயர்நிலைப் பள்ளி. கடலூரில் மாவட்ட அறிவியல் கண்காட்சி என்று அறிவிப்பு வந்தது. எதையாவது செய்துகொண்டு வாங்க என்றார் சயின்ஸ் வாத்தியார். நான் எங்க அப்பாவின் கொட்டாங்கச்சியை எடுத்துப் போனேன்.

எங்க அப்பா நீர்க்கட்டி. வீராணம் பாசனத்தில் கடைமடைக்குக் கொஞ்சம் மேலே, ஒரு கிளை வாய்க்காலில் முறைத் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை. சொந்தமாய் ஒரு குழி நிலம் இல்லை. ஆனால் யார் வயலுக்கு எவ்வளவு நேரம் என்பது அவர் கையில். ராத்திரியில் கடிகாரம் ஏது? ஒரு தேங்காய்க் கொட்டாங்கச்சியின் அடியில் ஊசி நுழைகிற ஓட்டை. தண்ணீர் நிரம்பின பானையில் அதை மிதக்கவிடுவார். ஓட்டை வழியாக மெல்ல மெல்ல நிரம்பி அது முழுகும். ஒரு முழுக்குக்கு ஒரு கூழாங்கல். இத்தனை கல் சேர்ந்தால் இன்னாருடைய மடையை அடைத்து அடுத்தவர் மடையைத் திறக்க வேண்டும்.

ஓட்டை பெரிசாகிப்போனால் தேன்மெழுகு வைத்துச் சிறிசாக்குவார். சரிதானா என்று எப்படித் தெரியும்? ரயில். மாயவரம் பக்கம் போகிற ராத்திரி வண்டிக்கும் திரும்பி வருகிற வண்டிக்கும் நடுவில் எத்தனை முழுக்கு என்று எண்ணிவைத்திருந்தார். ரயில் தாமதமானால் கண்டுபிடித்துவிடுவார். ஒரு நாள் கணக்கைப் பத்து நாள் கணக்கோடு வைத்துப் பார்ப்பார். பானைத் தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் ஊற்றுவார். ஏம்பா என்று கேட்டதற்கு, "சேறு இருந்தா ஓட்ட அடச்சிக்கும்டா. முழுகுறதுக்கு லேட்டாவும். மேலமடக்காரனுக்குத் தண்ணி கூடப் பூடும், கடமடக்காரன் வயிறு காயும்" என்றார்.

அளவுக்கருவி, அதைச் சரிபார்க்க இன்னொரு அளவு, பிழை வருகிற காரணம், பிழையைக் குறைக்கிற வழி. திறனறித் திட்டத்துக்குக் கேட்ட ஆய்வு அறிக்கையில் இதற்கு மேல் என்ன எழுத வேண்டும்? நான் இதையெல்லாம் அப்போது சொல்லத் தெரிந்தவன் இல்லை; கொட்டாங்கச்சியையும் பானையையும் மேசை மேல் வைத்துக்கொண்டு நின்றேன். வாத்தியார் கெட்டவரும் இல்லை. பார்த்துவிட்டு, "இது சயின்ஸ் இல்லடா, ஒங்க ஆளுங்க வேல" என்றார். பள்ளியிலிருந்து போனது எரிமலை. களிமண் மலை, அதன் வாயில் அம்மோனியம் டைக்குரோமேட் உப்பு; கொளுத்தினால் பொறி பறக்கும், பச்சைச் சாம்பல் கொட்டும். செய்தது ஊர்த்தெருப் பிள்ளை. களிமண் மலை கனம். தூக்கிக்கொண்டு கடலூர் வரை பஸ்ஸில் போக ரெண்டு ஆள் வேண்டியிருந்தது. அந்த ரெண்டு பேரில் ஒருவனாக நான் கண்காட்சியைப் பார்த்தேன்.

அங்கே ஏதோ ஒரு பள்ளியின் மேசையில் பழங்காலத்தில் நேரம் அளந்த விதம் என்று பெரிய அட்டை. செம்புக் கிண்ணம், அடியில் துளை, பக்கத்தில் அரண்மனைப் படம். நாழிகை வட்டில் என்று அழகாக எழுதியிருந்தது. கிண்ணம் செம்பாக இருந்து, தேதி பழசாக இருந்து, ராஜா பக்கத்தில் நின்றால் அது விஞ்ஞானம். கொட்டாங்கச்சியாக, நேற்று ராத்திரி வேலை செய்ததாக, சேரிக்காரன் கையில் இருந்தால் ஒங்க ஆளுங்க வேல.

இதை என் ஒருவன் மனக்குறையாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். எங்க அப்பா மடை திறந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் வருவது கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து. 1836ல் கட்டினது. கட்டியவர் ஆர்தர் காட்டன் என்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. ஆழம் தெரியாத ஆற்று மணலில் அடித்தளம் போடுகிற வித்தையைக் கல்லணை கட்டினவர்களிடமிருந்தே தெரிந்துகொண்டோம் என்று காட்டனே பின்னால் எழுதினார். வெள்ளைக்காரனுக்கு இருந்த அந்த நேர்மை நம் பாடப்புத்தகத்துக்கு இல்லை. அது கல்லணை என்றால் கரிகாலன் என்று ஒரு பெயரோடு நிறுத்திக்கொள்ளும். மணலில் கல் இறக்கினவர்களுக்குப் பெயர் இல்லை. சாதி வேலையைப் பிரித்ததோடு நிற்கவில்லை, வேலை செய்கிறவர்களையே படி படியாகப் பிரித்தது என்று அம்பேத்கர் 1936லேயே சொன்னார். மேல்படியில் நிற்பவன் தலை, கீழ்ப்படியில் நிற்பவன் கை. யோசனை தலைக்கு வரும், கைக்கு வராது என்பது இந்த நாட்டின் அறிவியல் கொள்கையில் எழுதாத முதல் விதி.

அமெரிக்காவில் இதைச் சட்டமாகவே எழுதினார்கள். 1857ல் மிசிசிப்பி மாநிலத்தில் ஆஸ்கார் ஸ்டூவர்ட் என்கிற பண்ணைக்காரர், தன் அடிமை நெட் செய்த பருத்தி வயல் கருவி ஒன்றுக்குத் தனக்குக் காப்புரிமை வேண்டும் என்று கேட்டார். அடிமையின் உழைப்பு எசமானுக்குச் சொந்தம் என்றால் மூளையும் சொந்தம்தானே என்பது அவர் வாதம். 1858ல் அரசின் தலைமை வழக்கறிஞர் ஜெரமையா பிளாக் முடிவு சொன்னார்: அடிமையின் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கிடையாது. நான்தான் கண்டுபிடித்தேன் என்று எசமான் சத்தியம் செய்ய முடியாது. அடிமையோ குடிமகனே இல்லை. ஸ்டூவர்ட் காப்புரிமை இல்லாமலே அந்தக் கருவியைச் செய்து விற்றார். நெட்டுக்கு முழுப்பெயர்கூட வரலாற்றில் இல்லை. அங்கே அரசு அலுவலகத்தில் நடந்ததால் காகிதம் மிஞ்சியது, நாமும் படிக்கிறோம். நம்முடையது வாத்தியார் மேசையில், மடை ஓரத்தில், களத்துமேட்டில் முடிந்துபோனது.

நான் வாத்தியாரானபின் ஒரு நல்ல காலத்தையும் பார்த்தேன், அதையும் சொல்ல வேண்டும். 1993ல் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு தொடங்கியது. தென்னாற்காடு இரண்டாகப் பிரிந்து கடலூர் மாவட்டம் ஆனதும் அதே வருஷம்தான். தமிழ்நாட்டில் அந்த மாநாட்டை அறிவியல் இயக்கத் தோழர்கள் எடுத்து நடத்தினார்கள். பிள்ளைகள் ஐந்து பேர் வரை குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊர்ப் பிரச்சினையைத் தாங்களே அளந்து, தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். எங்கள் காலனிப் பிள்ளைகள் கைப்பம்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஊர்த்தெருவில் ஒரு பம்புக்கு எத்தனை குடும்பம், காலனியில் எத்தனை, ஒரு குடம் நிரம்ப எத்தனை அடி அடிக்க வேண்டும், வரிசையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும். கடிகாரம் கட்டின பிள்ளை ஒன்று, நோட்டுப் பிடித்த பிள்ளை ஒன்று. விஞ்ஞானம் என்பது தன் தெருவைக் கேள்வி கேட்பது என்று அந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் மனு எழுதினபோது கையில் எண்கள் இருந்தன.

இன்ஸ்பயர் திட்டம் 2008ல் வந்தது. பள்ளிக்கு இரண்டு பேர், ஆளுக்கு 5,000 ரூபாய் என்று ஆரம்பித்தார்கள். 2016-17ல் மானக் என்று பெயர் சேர்த்து, 10,000 ஆக்கி, மாதிரியைவிட யோசனைக்கு மதிப்பு என்று மாற்றினார்கள். மாற்றி நடத்துகிற பொறுப்பு குஜராத்தில் இருக்கிற தேசியப் புத்தாக்க நிறுவனத்துக்கு. 2000ல் தொடங்கின இந்த நிறுவனத்தின் வேர் பேராசிரியர் அனில் குப்தா நடத்திய தேனீ வலைப்பின்னலில் இருக்கிறது. படிக்காத உழவரும் கைவினைஞரும் கண்டுபிடித்ததை அவர்கள் பெயரோடு எழுது, பலன் வந்தால் அவர்களுக்குப் பங்கு கொடு என்பது அதன் அடிப்படை. தமிழிலும் மதுரையிலிருந்து நம் வழி வேளாண்மை என்கிற பத்திரிகை அந்த வேலையைச் செய்தது. நெட்டுக்கும் எங்க அப்பாவுக்கும் மறுத்ததைக் கொடுக்க வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். நான் அதை மதிக்கிறேன். ஆனால் அந்த யோசனை பள்ளிக்கூடம் என்கிற சல்லடை வழியாக இறங்கும்போது என்ன ஆகிறது?

அந்த நிறுவனமே இக்னைட் என்று இன்னொரு போட்டியும் நடத்தியது. 2019ல் அந்த விருது பெற்ற திருவண்ணாமலை வினிஷா உமாசங்கரைப் பலருக்குத் தெரியும். தெருவில் கரிப்பெட்டி வைத்துத் துணி தேய்ப்பவரைப் பார்த்து, சூரிய சக்தியில் ஓடும் தேய்ப்பு வண்டியை யோசித்த பிள்ளை. ஐந்து மணி நேர வெயிலில் ஆறு மணி நேரம் பெட்டி ஓடும். 2020ல் சுவீடனில் குழந்தைகளுக்கான பருவநிலைப் பரிசு, 2021ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேச்சு. அந்தப் பிள்ளையின் அக்கறை உண்மையானது, பரிசுக்குத் தகுதியானது. கரிப்புகை தேய்ப்பவர் நெஞ்சில்தான் முதலில் போகிறது என்பதை ஒரு குழந்தை பார்த்தது, பெரியவர்கள் பார்க்கவில்லை.

என் கேள்வி அந்த வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறவரைப் பற்றி. எந்தக் கரி பொறி விடும், சரிகைக்கு எவ்வளவு சூடு, பாலியஸ்டருக்கு எவ்வளவு, தண்ணீர்ச் சொட்டு என்ன சத்தத்தில் சுண்டினால் பெட்டி தயார் என்று தெரிந்தவர் அவர். அவருடைய பெண் வண்டிக்கடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினவளாக இருக்கலாம். இதே யோசனை அவளுக்கு வந்திருந்தால், எழுதி அனுப்பும்மா என்று சொல்ல ஆள் இருந்திருக்குமா? இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெயிலில் ஓடினாலும் கரியில் ஓடினாலும் அந்த வண்டி அந்தச் சாதியின் வண்டியாகத்தான் நிற்கிறது. பெட்டியை மாற்றுவதற்குப் பரிசு உண்டு. பிறப்பால் ஒருவன் அந்தப் பெட்டியோடு கட்டப்பட்டிருப்பதை மாற்ற யோசனை சொன்னால் அதற்கு எந்தப் பிரிவு?

நான் பார்த்த கண்காட்சிகளில் சாக்கடை அள்ளும் எந்திரம் வராத வருஷம் குறைவு. மோட்டார், சங்கிலி, கரண்டி. கையால் மலம் அள்ளுவதை 1993லும் 2013லும் இரண்டு சட்டம் போட்டுத் தடுத்தபிறகும் பிள்ளைகள் இதைச் செய்கிறார்கள் என்றால் சட்டத்தைவிடப் பிள்ளைகளுக்கு மனசாட்சி இருக்கிறது. ஆனால் சாக்கடைக்குள் இறங்கின ஒருவரிடம் போய், அடியில் என்ன இருக்கும், கரண்டி எங்கே சிக்கும் என்று கேட்டுவிட்டுச் செய்ததாக ஒரு மாதிரியையும் நான் பார்க்கவில்லை. கேட்டிருந்தால் அந்தக் கரண்டி வேறு வடிவத்தில் இருந்திருக்கும்.

சல்லடை எங்கே இருக்கிறது என்று கடலூர் மாவட்டத்து வாத்தியார்களுக்குத் தெரியும். ஐந்து பெயரில் இருக்கிறது. அறிவியல் வாத்தியார் இருக்க வேண்டும். தலைமையாசிரியருக்கு இணையதளத்தில் ஏற்றப் பொழுது வேண்டும். பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும், ஆதாரில் உள்ள பெயரும் பள்ளிப் பதிவேட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்பன் செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ போனபோது கூடப் போய்விட்டு ஆவணியில் திரும்புகிற பிள்ளையின் பெயர் அதற்குள் விட்டுப்போகும். அப்புறம் மாதிரி. கடையில் ஆயத்தமாக விற்கிற தெர்மாகோல் மாதிரியை வாங்கிக் கொடுக்க முடிந்த வீட்டுப் பிள்ளைக்கு யோசனை எளிதாக வரும். வாத்தியாரே செய்து கொடுப்பதும் உண்டு. பரிசு வாங்கினால் பள்ளிக்குப் பெயர். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இந்த மாநிலத்தில் ஆயிரத்துக்கு மேல். அவற்றில் எத்தனை ஐந்து பெயரையும் ஏற்றுகின்றன?

தோழர்கள் கவனிக்க வேண்டிய விதி ஒன்று. இக்னைட் போட்டிக்கு 12ஆம் வகுப்பு வரை படிக்கிறவர் மட்டுமல்ல, பள்ளிக்குப் போகாத 17 வயது வரையிலான பிள்ளையும் யோசனை அனுப்பலாம் என்று எழுதினார்கள். மாதிரி செய்ய வேண்டாம், எழுதி அனுப்பினால் போதும் என்றார்கள். நல்ல யோசனையை நிறுவனமே செய்து பார்த்தது, பிள்ளை பெயரில் காப்புரிமைக்கும் விண்ணப்பித்தது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மெக்கானிக் ஷெட்டில் நிற்கிற, கிள்ளையில் அப்பனோடு படகு ஏறுகிற பிள்ளைக்குத் திறந்துவைத்த கதவு அது. நம் மாலை வகுப்புகளில் இதை எத்தனை பேருக்குச் சொன்னோம்? ஒரு தபால் உறை போதுமாயிருந்தது. தலைமையாசிரியர் கையெழுத்து வேண்டியிருக்கவில்லை.

மானக்கைப் பொறுத்தவரை நான் சொல்வது எளிய காரியம். தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டு மனு போடுவோம், ஒன்று கடலூர் முதன்மைக் கல்வி அலுவலருக்கு, ஒன்று மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலருக்கு. கடந்த ஐந்து வருஷத்தில் இந்த மாவட்டத்தில் எத்தனை பள்ளிகள் பெயர் ஏற்றின, அதில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் எத்தனை, தேர்வான பிள்ளைகளில் பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகள் எத்தனை, அதில் பெண்கள் எத்தனை, நலத்துறை உயர்நிலைப் பள்ளிகளில் சோதனைக்கூடமும் அறிவியல் ஆசிரியரும் உள்ளவை எவை, காலியாகக் கிடக்கும் பணியிடம் எத்தனை மாதமாகக் காலி. ஒவ்வொரு மனுவுக்கும் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. பதில் வந்ததும் பள்ளிப் பெயரோடு, வரிசையாக, இதே பத்திரிகையில் அச்சிடலாம்.